பழைய பெக்ஸுக்குப் பதில் இன்னொரு பெக்ஸ் வேண்டாம்

மஸ்கெலியாவுக்கு அருகிலுள்ள தேயிலைத் தோட்ட அலுவலகமொன்றில் எழுதுவினைஞராகப் பணியாற்றும் வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: செப்புக் கம்பித் தொலைபேசி இணைப்பை எடுத்துவிட்டு ரவுட்டர் பொருத்திய நாளிலிருந்து பெக்ஸ் இயந்திரம் பாதிப் பக்கத்தோடு நின்றுவிடுகிறது. மின்னஞ்சலில் அனுப்பும் கடிதம் சட்டப்படி செல்லாது, ஆகவே புதிய ‘டிஜிட்டல் பெக்ஸ்’ இயந்திரமும் வருடாந்தப் பராமரிப்பு ஒப்பந்தமும் கட்டாயம் வேண்டும் என்று கூறி முகவர் ஒருவர் முற்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

கொடுக்க வேண்டாம். பழுது உங்கள் இயந்திரத்தில் இல்லை. பெக்ஸ் இயந்திரம் பக்கத்தை ஒலியாக மாற்றி அனுப்புகிறது. ரவுட்டர் வழியே செல்லும் தொலைபேசியோ அந்த ஒலியைத் துண்டு துண்டாக்கி அனுப்புகிறது. பேச்சில் ஒரு துண்டு விடுபட்டால் நம் காது சமாளித்துக்கொள்ளும். பெக்ஸ் சமாளிக்காது, இணைப்பை அறுத்துவிடும். புதிய இயந்திரத்தை அதே இணைப்பில் செருகினாலும் பெரும்பாலும் இதே கதைதான்.

உங்களுக்கு வேண்டியது சாதாரண ஸ்கேனர் ஒன்று. அலுவலகத்துப் போட்டோகொப்பி இயந்திரத்திலேயே அந்த வசதி இருக்கக்கூடும், முதலில் அதைப் பாருங்கள். பக்கங்கள் அனைத்தையும் 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) அளவில் ஒரே பிடிஎப் கோப்பாக எடுத்து மின்னஞ்சலில் இணைத்தால் போதும். வழமையான பெக்ஸின் தெளிவான நிலைகூட ஏறத்தாழ 200 டிபிஐதான். மழைக்காலத்தில் இணைப்பு அறுந்தால் கைத்தொலைபேசி டேட்டாவில் அதே கோப்பை அனுப்பலாம்.

மின்னஞ்சல் செல்லாது என்பது தவறு. ஓர் ஆவணம் இலத்திரனியல் வடிவில் இருப்பதைக் காரணம் காட்டி மட்டும் அதன் சட்ட வலுவை மறுக்க முடியாது என்று 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டம் சொல்கிறது. 2017இல் அதற்குத் திருத்தமும் வந்தது. இத்தனை ஆண்டுகள் சென்ற பின்னரும் சில அலுவலகக் கருமபீடங்களில் “பெக்ஸில் அனுப்புங்கள், பிறகு மூலப் பிரதியைப் பதிவுத் தபாலில் போடுங்கள்” என்று கூசாமல் சொல்கிறார்கள். அதற்காகத் தோட்டத் தொழிலாளி ஒருவர் ஒரு நாள் பேரை, அதாவது அன்றைய சம்பளத்தை இழந்து, பஸ் பிடித்து நகரத்துக்குப் போய் நிற்க வேண்டியிருக்கிறது. சட்டம் செய்தால் போதுமா, அதைக் கருமபீடத்தில் இருப்பவருக்கு யாராவது சொல்ல வேண்டாமா? அப்படி மறுத்தால், எந்த விதியின்படி மறுக்கிறீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள். அனுப்பும் முன் தொலைபேசியில் பேசி உத்தியோகபூர்வ மின்னஞ்சல் முகவரியைக் கேட்டறிந்து, பெற்றுக்கொண்டவரின் பெயருடன் பதில் அனுப்பும்படி கடிதத்திலேயே வேண்டிக்கொள்ளுங்கள்.

காணி விடயத்தில் மட்டும் இதில் எதையும் பிடித்துக்கொள்ள வேண்டாம். அசையாச் சொத்தின் விற்பனையும் கைமாற்றமும் இந்தச் சட்டத்தின் கீழ் வருவதில்லை. காணியை விற்பதற்கும் எழுதிக்கொடுப்பதற்கும் நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளுடன் கையொப்பமிட வேண்டும் என்பது 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின் காலத்திலிருந்தே உள்ள விதி. வரைவைச் சரிபார்க்க நொத்தாரிசுக்கு மின்னஞ்சலில் அனுப்பலாம், பழைய காணி உறுதிப் பத்திரத்தின் பிரதியையும் அனுப்பலாம். ஆனால் ஸ்கேன் செய்த உறுதி ஒரு படம் மட்டுமே. வீடு கட்ட 7 பேர்ச் காணிக்காகக் காத்திருக்கும் தோட்டக் குடும்பங்களிடம், “உறுதியை கம்பியூட்டரில் ஏற்றித் தருகிறேன்” என்று மூலப் பிரதியைக் கேட்டு வருபவரிடம் ஒரு தாளையும் கொடுத்துவிடாதீர்கள் என்று நீங்களே எடுத்துச் சொல்லுங்கள்.

இன்னோர் ஏமாற்றும் உண்டு. அலுவலகத்துக்கு மின்னஞ்சல் கணக்கைத் திறந்து தரும் முகவர், கடவுச்சொல்லை மீட்கும் தொலைபேசி இலக்கமாகத் தனது இலக்கத்தைப் போட்டுவிடுவார். மறுவருடம் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காவிட்டால் ஒரு நாள் காலையில் கணக்குத் திறக்காது. அலுவலகத்தின் கடிதங்கள் முழுவதும் அவர் கையில் இருக்கும். கணக்கின் அமைப்புகளுக்குள் சென்று, அங்கே தெரியும் இலக்கம் அலுவலகத்தினுடையதுதானா என்று பாருங்கள். வேறாக இருந்தால் அன்றே மாற்றுங்கள்.

நகரத்துக் கொமினிகேஷன் கடைகளில் ஸ்கேன் செய்வதையும் இயன்றவரை தவிருங்கள். பல கடைகளில் கணினித் திரையிலேயே ‘ஸ்கேன்’ என்றொரு கோப்புறை கிடக்கும். திறந்தால் யார் யாருடையதோ தேசிய அடையாள அட்டை, வங்கிப் புத்தகம், சேமலாப நிதிப் படிவம் எல்லாம் இருக்கும். ஓய்வுபெறும் தொழிலாளியைத் தேடி வீட்டுக்கே வந்து, சேமலாப நிதிப் பணத்தைச் சீக்கிரம் எடுத்துத் தருவதாகச் சொல்லிப் பங்கு கேட்கும் இடைத்தரகருக்கு இதைவிட வசதியான பட்டியல் வேறு எங்கே கிடைக்கும்? வேறு வழியே இல்லையென்றால், கோப்பை அனுப்பி முடித்ததும் உங்கள் கண்முன்னேயே அழிக்கச் சொல்லுங்கள்.

முகவர் பிறகும் விடாப்பிடியாக நின்றால், அவருடைய இயந்திரத்தை உங்கள் ரவுட்டரிலேயே செருகி, கொழும்பு இலக்கம் ஒன்றுக்குப் பத்துப் பக்கங்களை அனுப்பிக் காட்டச் சொல்லுங்கள். பத்தும் முழுதாகப் போய்ச் சேரும்வரை எந்தத் தாளிலும் கையொப்பமிட வேண்டாம்.