வயது வந்தோருக்கான தொழிற்பயிற்சிப் புலமைப்பரிசிலை எங்கள் கழகம் எப்படி வழங்க வேண்டும்?

கிளிநொச்சியில் இயங்கும் உங்கள் சேவைக் கழகம், முப்பது வயதைத் தாண்டியவர்களுக்குத் தொழிற்பயிற்சிப் புலமைப்பரிசில் வழங்க விரும்புவதாகவும், பயிற்சிக் கட்டணத்தை ஒரே தடவையில் கொடுத்துவிட்டால் போதுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். போதாது. முல்லைத்தீவு மாவட்டத்தில் ஒரு கழகத்தின் புலமைப்பரிசில் குழுவில் ஆறு ஆண்டுகளாக இருப்பவன் என்ற முறையில் என் அனுபவத்தைச் சொல்கிறேன்.

2008 மார்கழியில் சாதாரண தரப் பரீட்சை எழுதவேண்டிய வயதில் இருந்த வன்னிப் பிள்ளைகள் அப்போது போருக்குள், பதுங்குகுழிகளுக்கும் தறப்பாள் கொட்டில்களுக்கும் இடையே அலைந்துகொண்டிருந்தார்கள். பின்னர் இடம்பெயர்ந்தோருக்கான செட்டிகுளம் முகாம். அதன் பின்னர் மீள்குடியேற்றம், வீட்டுத்திட்டம், கல்யாணம், பிள்ளைகள். இன்று அவர்கள் முப்பதைக் கடந்துவிட்டார்கள். படிப்பில் விருப்பமில்லாமல் விட்டவர்கள் அல்லர் என்பதை உங்கள் குழுவினர் விண்ணப்பங்களை வாசிக்கும்போது மனதில் வைத்திருக்க வேண்டும்.

கட்டண விடயத்துக்கு வருகிறேன். தொழிற்பயிற்சி அதிகார சபை போன்ற அரச நிறுவனங்களின் பயிற்சிநெறிகள் பல இலவசமாகவோ குறைந்த கட்டணத்துடனோ நடக்கின்றன. 2016இல் அறிவியல்நகரில் திறக்கப்பட்ட இலங்கை ஜேர்மன் தொழிற்பயிற்சி நிறுவனம் போன்ற வசதியான இடங்களும் இங்கேயே இருக்கின்றன. அப்படியிருந்தும் வயது வந்தவர்கள் இடைநடுவில் நின்றுவிடுகிறார்கள். எங்கள் முதலாம் ஆண்டில் பத்துப் பேருக்கு விழா வைத்து, மாலை போட்டு, காசோலை கொடுத்தோம். நான்காம் மாதம் விசாரித்தபோது நான்கு பேர்தான் வகுப்பில் இருந்தார்கள்.

நின்றவர்களில் ஒருவர் விசுவமடுவுக்கு உள்ளே ஒரு கிராமத்தைச் சேர்ந்த தங்கச்சி. கணவர் இல்லை, இரண்டு பிள்ளைகள். வீட்டுக்குப் போய்க் கேட்டபோது, அவர் ஒன்றும் பேசாமல் பிள்ளையின் பழைய கொப்பி ஒன்றை எடுத்து நீட்டினார். கடைசிப் பக்கங்களில் அடிமட்டம் வைத்துக் கோடு போட்டிருந்தார்: பஸ், மத்தியானச் சாப்பாடு, பிள்ளையைப் பார்க்கிற ஆச்சிக்கு, நான்காவது நிரலில் ‘கூலி போனது’. வகுப்புக்குப் போன ஒவ்வொரு நாளுக்கும் அவர் இழந்த நாட்கூலி அங்கே பென்சிலால் எழுதப்பட்டு, கூட்டு அழித்து அழித்துத் திருத்தப்பட்டிருந்தது. “படிக்கக் காசு வேண்டாம் எண்டுதான் சொன்னவை அண்ணை. ஆனா படிக்கப் போற நாளுக்கெல்லாம் காசு வேணுமே” என்றார். நாங்கள் கொடுத்த காசோலை முதல் மாதமே அரிசிக்கும் பழைய கடனுக்கும் போயிருந்தது. அவரிடம் பிழையில்லை. எங்கள் கணக்கில்தான் அந்த நான்காவது நிரல் இல்லாமல் போயிற்று.

அதன்பின் முறையை மாற்றினோம். பத்துப் பேருக்குக் கொடுத்ததை மூன்று பேருக்கு என்று குறைத்தோம். பயிற்சி முடியும் வரை மாதந்தோறும் பஸ் காசும் பிள்ளைப் பராமரிப்புச் செலவும் இழந்த கூலியில் ஒரு பங்கும் வங்கிக் கணக்கில் சேரும். வகுப்பு வரவை நாங்கள் பயிற்றுநரிடம் கேட்டுக்கொள்வோம். ஆனால் ஒரு வாரம் வராவிட்டால் உடனே பணத்தை நிறுத்தாமல் வீட்டுக்கு ஒருவர் போய்வருவார். அப்படிப் போனபோதுதான், நுண்கடன் நிறுவனக்காரர் தவணைப் பணம் வாங்க வருகிற நாளில் பெண்கள் வீட்டிலேயே நின்றுவிடுகிறார்கள் என்பதும், தை, மாசியில் காலபோக அறுவடைக் கூலி கிடைக்கும்போது ஆண்கள் வயலுக்குப் போகிறார்கள் என்பதும் தெரியவந்தது. இப்போது அந்த இரண்டு மாதங்களுக்கும் உதவித்தொகையைச் சற்றுக் கூட்டிக் கொடுக்கிறோம்.

இது எங்கள் கண்டுபிடிப்பு அன்று. சொரொப்டிமிஸ்ட் என்ற பெண்கள் சேவை அமைப்பின் அமெரிக்கப் பிரிவு, குடும்பத்தின் பிரதான உழைப்பாளியாக இருந்துகொண்டே படிக்கும் பெண்களுக்கு 1972 முதல் விருதுத்தொகை வழங்குகிறது. அதைப் புத்தகத்துக்கும் போக்குவரத்துக்கும் பிள்ளைப் பராமரிப்புக்கும் செலவழிக்கலாம். உங்கள் கழகம் றோட்டரியைச் சேர்ந்ததாயின், றோட்டரியின் உலகளாவிய மானியத்தின் (Global Grant) புலமைப்பரிசில் பட்டமேற்படிப்புக்கே உரியது என்பதையும், றோட்டரி மாவட்ட மானியத்தில் (District Grant) அந்தக் கட்டுப்பாடு இல்லை என்பதையும் கவனியுங்கள். மேசன் வேலை பழகுபவருக்கு உதவ இரண்டாவது வழியே பொருந்தும்.

எல்லோரையும் வகுப்புக்கு அனுப்பவும் வேண்டாம். பதினைந்து வருடம் வயரிங் செய்த ஒருவருக்குத் தொழில் தெரியும். கையில் கடதாசி இல்லை, அவ்வளவுதான். தொழில் திறனுக்கான அரச அங்கீகாரமான தேசிய தொழிற்தகைமை (NVQ) ஒன்று முதல் ஏழு வரை மட்டங்களைக் கொண்டது. முன்கற்றலை அங்கீகரிக்கும் முறையில், மதிப்பீட்டாளர் முன் வேலையைச் செய்து காட்டி, முழுப் பயிற்சி இல்லாமலே மூன்றாம் அல்லது நான்காம் மட்டச் சான்றிதழைப் பெறலாம். நான்காம் மட்டம் இருந்தால் டிப்ளோமாவுக்குரிய ஐந்தாம் மட்டத்துக்கான கதவும் திறக்கும். அந்த மதிப்பீட்டுச் செலவையும் அதற்காக இழக்கும் இரண்டு நாள் கூலியையும் கழகம் ஏற்றுக்கொண்டால், மிகச் சிறிய தொகையில் ஒரு மனிதர் ஒப்பந்தகாரரிடம் தேர்ச்சி பெற்ற தொழிலாளியாகச் சம்பளம் கேட்க முடியும். எங்கள் பணத்தில் மிக நன்றாகச் செலவானது இதுதான் என்று நான் நினைக்கிறேன்.

தெரிவு பற்றி ஒரு வார்த்தை. கிராம அலுவலரின் பட்டியலை வாங்குங்கள், ஆனால் அதோடு நிற்காதீர்கள். மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்திடமும் கேளுங்கள். சாதாரண தரச் சித்தியை நிபந்தனையாக்க வேண்டாம். காசோலையைக் கையில் பிடித்தபடி முகநூலில் படம் போடும் வழக்கத்தையும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அந்தப் படத்தை அவர்களுடைய பிள்ளைகளின் பள்ளிக்கூட நண்பர்களும் பார்க்கிறார்கள்.

நிதியில் ஒரு பகுதியைக் கருவிகளுக்கு ஒதுக்கிவையுங்கள். தையல் பழகியவரிடம் மெசின் இல்லாவிட்டால் சான்றிதழ் அலுமாரிக்குள்தான் கிடக்கும். மெசினை வாங்கும்போது பற்றுச்சீட்டைக் கழகத்தின் பெயரில் எழுதாமல் பயிலுனரின் பெயரிலேயே எழுதச் சொல்லுங்கள். கொப்பியில் கணக்கு எழுதிய அந்தத் தங்கச்சி மறுவருடம் திரும்பி வந்து பயிற்சியை முடித்தார். தன் பெயர் எழுதிய பற்றுச்சீட்டை, அதே கொப்பிக்குள் மடித்து வைத்திருக்கிறார்.