ஆஷ் மரங்கள் ஏன் பட்டுப்போகின்றன?

கேள்வி: அமெரிக்காவில் மினசோட்டாவில் இருக்கிற மகன் வீட்டுக்குப் போயிருந்தேன். தெரு நெடுக ஆஷ் மரங்களைக் குறி போட்டு வெட்டிக்கொண்டிருந்தார்கள். ஏதோ வண்டு என்கிறான். நம் தென்னையில் கூன்வண்டு விழுகிற மாதிரியா? அவன் வாசலில் நிற்கிற ஒரு மரத்தையாவது காப்பாற்ற முடியுமா?
— ஒரு வாசகி, திருச்சி

பதில்: வண்டுதான், எமரால்டு ஆஷ் போரர் என்பார்கள், ஆனால் கூன்வண்டு மாதிரி இல்லை. கூன்வண்டின் புழு தென்னையை உள்ளே குடையும். இதன் புழுவுக்கு ஆஷ் மரத்தில் பட்டையை ஒட்டி உணவு இறங்குகிற மெல்லிய அடுக்கு போதும், அதைப் பாம்பு நெளிந்த மாதிரி வளைத்து வளைத்துத் தின்றுகொண்டே போகும். நெளிவுகள் சேர்ந்து மரத்தைச் சுற்றிவிட்டால் கழுத்தில் கயிறு இறுக்கின மாதிரிதான், சில வருடங்களில் மரம் பட்டுப்போகும். காய்ந்த மரத்தில் பட்டையை உரித்துப் பார்த்தால் அந்தத் தடம் அப்படியே தெரியும். வண்டு வெளியேறும் ஓட்டை 3 மில்லிமீட்டர்தான், ஒரு பக்கம் தட்டையாக இருக்கும். நாம் தீப்பெட்டியில் போட்டு வளர்த்தோமே பொன்வண்டு, அதே குடும்பம் இது. மரகதப் பச்சையில் மினுங்கும், பார்த்தால் அடிக்க மனசு வராது.

சொந்த ஊர் கிழக்கு ஆசியா. அங்குள்ள ஆஷ் மரங்கள் இதனோடு பழகினவை, பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். சரக்கு கட்டி வந்த மரச்சட்டங்களில் அமெரிக்காவுக்கு வந்திருக்க வேண்டும், 2002இல் டெட்ராய்ட் பக்கம் கண்டுபிடிப்பதற்குள் அது நன்றாக வேரூன்றிவிட்டது. மினசோட்டாவில் 2009இல் தென்பட்டது. தானாகப் பறந்தால் கொஞ்ச தூரம்தான். கேம்ப் போகிறவர்கள் காரில் ஏற்றின விறகில் உட்கார்ந்தே மாநிலம் மாநிலமாகப் போய்விட்டது.

எனக்கு ஆத்திரம் வருவது இதில்தான்: ஆஷ் வருவதற்கு முன்னால் அதே தெருக்களில் எல்ம் மரங்கள் வரிசையாக நின்றன, பூஞ்சை நோய் வந்து அவை போனதும் பல ஊர்களில் அந்தக் குழிகளில் மறுபடி ஒரே ஜாதியாக ஆஷ் மரத்தையே நட்டார்கள்.

சரி, மகன் வீட்டு மரம். கிளைகளில் பாதிக்கு மேல் காய்ந்திருந்தால் மருந்துக் காசு தண்டம், ஏனென்றால் மருந்து மேலே ஏறிப் பரவ வேண்டிய பாதையைப் புழு ஏற்கெனவே அறுத்திருக்கும். தழை நன்றாக இருந்தால் ஆள் வைத்து அடிமரத்தில் ஊசி போடலாம். நம்மூரில் பருத்திக் காய்ப்புழுவுக்கு அடிக்கிற அதே எமாமெக்டின் பென்சோயேட்தான். ஒரு தடவையோடு முடியாது, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். முடியாது என்றால் சீக்கிரம் வெட்டச் சொல்லுங்கள், பட்டுப்போன ஆஷ் மரம் சீக்கிரமே தின்கிற முறுக்கு மாதிரி பொடுக்கென்று முறியும், அப்புறம் ஏறி வெட்ட ஆட்களே யோசிப்பார்கள். வெட்டின விறகை வேறு ஊருக்கு மட்டும் கொண்டுபோக வேண்டாம்.