ஜூனில் சிரபுஞ்சி குகைக்குள் போகலாமா?

கேள்வி: ஜூன் முதல் வாரம் குடும்பத்தோடு சிரபுஞ்சி போகிறோம். உள்ளூர் வழிகாட்டியோடு மாம்லூ குகைக்குள் அனுப்புவதாகச் சொல்லும் ஏஜென்ட், முழுப் பணத்தையும் இப்போதே கேட்கிறார். 12 வயது மகனும் வருகிறான். நம்பலாமா?
– வாசகர், ஈரோடு

பதில்: பணம் கொடுக்காதீர்கள். ஜூனில் மாம்லூவுக்குள் இறங்கவே கூடாது. விவரம் தெரிந்த வழிகாட்டி அந்த மாதம் உங்களைக் கூப்பிடவே மாட்டார்.

மாம்லூ சுண்ணாம்புப் பாறைக் குகை, ஜூன் அங்கே மழைக்காலம். சுண்ணாம்புப் பாறையில் மழைநீர் மேலே தேங்காது. வெடிப்புகள், குழிகள் வழியாக நேரே குகைக்குள் இறங்கிவிடும். வாசலில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும். மலைமேல் பெய்த மழை உள்ளே ஏறிக்கொண்டிருக்கும். தாய்லாந்தில் 12 சிறுவர்களும் பயிற்சியாளரும் குகையில் சிக்கியது 2018 ஜூன் 23-ல். அதுவும் சுண்ணாம்புக் குகை, அதுவும் மழைக்காலம். இதுபோன்ற குகைகளில் சுவரை உற்றுப் பாருங்கள். தலைக்கு மேலே சேற்றுக்கோடு இருக்கும், இடுக்கில் காய்ந்த இலையும் மூங்கில் சிம்பும் செருகியிருக்கும். வெள்ளம் அதுவரை வந்து போயிருக்கிறது என்று அர்த்தம்.

ஏஜென்ட் விஷயத்துக்கு வருகிறேன். உங்களிடம் வாங்குவதில் உள்ளே இறங்குபவர் கைக்குப் போவது பெரும்பாலும் சொற்பம். அவர் யாரென்றே அன்று காலை வரை உங்களுக்குத் தெரியாது. டிரைவருக்குத் தெரிந்த பையன் ஒரு டார்ச்சோடு வந்து நிற்பான். இதை நான் பலமுறை பார்த்துவிட்டேன். வழிகாட்டியிடமே போனில் பேசுங்கள். "எந்த நிலைமையில் உள்ளே போக வேண்டாம் என்பீர்கள்?" என்று கேளுங்கள். சட்டென்று பதில் வராவிட்டால் விட்டுவிடுங்கள். வழிகாட்டிகளுக்குப் பயிற்சி கொடுத்து, பெயர்களைக் குகை வாசலிலேயே எழுதி வைக்க அரசுக்கு எவ்வளவு செலவாகிவிடும்? சுற்றுலா விளம்பரத்துக்கு மட்டும் பணம் இருக்கிறது!

ஜூனிலும் போகக்கூடிய ஒரு விதிவிலக்கு, சிரபுஞ்சி பக்கத்திலேயே உள்ள மாஸ்மாய் குகை. டிக்கெட் எடுத்து நீங்களே போகலாம், வழிகாட்டி தேவையில்லை. மக்களுக்குத் திறந்திருப்பது சுமார் 150 மீட்டர்தான், விளக்கும் உண்டு. ஆனால் சில இடங்களில் உடலை ஒருக்களித்து, குனிந்துதான் நுழைய முடியும். பருமனானவர்கள், முட்டிவலிக்காரர்கள், அடைத்த இடத்தில் மூச்சுமுட்டுகிறவர்கள் வெளியிலேயே இருக்கட்டும். பின்னால் கூட்டம் வந்துவிட்டால் பாதியில் திரும்புவது கஷ்டம். அதனால் காலையில் முதல் ஆளாகப் போய்விடுங்கள். பெருமழை கொட்டினால் இதையும் தள்ளிப்போடுங்கள்.

மாம்லூதான் வேண்டும் என்றால் டிசம்பரிலிருந்து பிப்ரவரிக்குள் போங்கள். அப்போதும் தண்ணீரில்தான் நடக்க வேண்டும், மகன் உயரத்தை வழிகாட்டியிடம் முன்பே சொல்லிவிடுங்கள். ஆளுக்கொரு ஹெல்மெட், அதில் ஒரு விளக்கு, அது போக இரண்டு டார்ச். செல்போன் வெளிச்சத்தை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்.