கடவைத் திறந்து போட்டது யார்?

வணக்கம் சார். உங்கள் தளத்தில் 'கடவு' ஓவியத்தைப் பார்த்தேன். கிளுவை வேலி, அதில் வாசலாகத் திறந்து கிடக்கும் கடவு, உள்ளே தனியாக ஒரு செவலைக் கன்று. அந்தச் சிவப்பைக் கோபம் என்றும் திறந்த கடவை விடுதலை என்றும் எடுத்துக்கொண்டேன். அப்பாவிடம் போனில் காட்டினால் அவர் கேட்டது ஒன்றுதான்: "ஏங்கண்ணு, கடவ யாரு சாத்தாம உட்டது?" இதில் எதுங்க சார் சரி?
ஒரு வாசகி, பெருந்துறை

அன்புள்ள வாசகிக்கு,

சிவப்பைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். காங்கேயம் கன்று பிறக்கும்போது செவலையாகத்தான் இருக்கும், ஆறு மாத வாக்கில் அது சாம்பலாக மாறும், காளைக் கன்று என்றால் வளர வளரத் திமிலும் முன்பின் பக்கங்களும் கறுத்துவரும். கன்றுக்கும் அது நிற்கும் செம்மண்ணுக்கும் பர்ன்ட் சியன்னா என்கிற ஒரே செம்பழுப்பு வண்ண ட்யூபைத்தான் பிதுக்கினேன். அதுவும் சுட்ட மண்தானே. மண்ணிலிருந்து இன்னும் பிரிந்து வராத உயிர் என்றுதான் நினைத்துப் பூசினேன். உங்களுக்குக் கோபம் தெரிந்தால் அதையும் தவறென்று சொல்ல மாட்டேன்.

கடவு விஷயம் வேறு. படத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை வேலி ஓடியதால் கண் உள்ளே போக வழியில்லை, அதற்காகத் திறந்தேன், அவ்வளவுதான் என்று இத்தனை நாள் நம்பிக்கொண்டிருந்தேன். உங்கள் அப்பாவின் கேள்வியைப் படித்தபிறகு இரண்டு நாள் தூரிகையைத் தொட முடியவில்லை.

கொறங்காட்டை, அதாவது எங்கள் பக்கத்து மேய்ச்சல் நிலத்தை, பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். கிளுவைக் குச்சிகளை வரிசையாக நட்டு, அவை துளிர்த்து முள்ளோடு உயிர்வேலியாக நிற்கும், உள்ளே கொழுக்கட்டைப் புல்லும் அங்கங்கே வெள்வேல் மரமும். மாடுகள் மேய்ப்பவர் இல்லாமல் அதுபாட்டுக்கு மேயும். கடவு சாத்தியிருக்கிறது என்ற நம்பிக்கையில்தான் வீட்டில் இருப்பவர்கள் நிம்மதியாகத் தூங்குவார்கள். எனக்கு அப்புச்சி (அம்மாவின் அப்பா) சொல்லிக்கொடுத்த முதல் வேலையே கடவைச் சாத்துவதுதான்.

ஒரு சித்திரையில் கண்ணபுரம் மாட்டுச் சந்தையில் கடைசி ஜோடியையும் விற்றுவிட்டு வந்த அன்று, அப்புச்சி நேராகக் காட்டுக்குப் போய், வெறும் காட்டின் கடவை இழுத்துச் சாத்திக் கயிறு போட்டார். "உள்ள ஒண்ணுமில்லையே அப்புச்சி" என்றேன். பதில் சொல்லவில்லை. அதற்கப்புறம் அந்தப் பக்கம் எத்தனையோ முறை போய் வந்திருக்கிறேன், ஒருநாளும் நான் சாத்தியதில்லை.

இன்னொன்றும் இப்போதுதான் நினைவுக்கு வருகிறது. கன்றின் பக்கத்தில் அதன் தாயைக் கரிக்கோலால் வரைந்திருந்தேன். ஏதோ சரியில்லை என்று மேலே மண் நிறத்தைப் பூசி மூடிவிட்டேன். ஆறு மாதம்கூட ஆகாத கன்று, தாய் இல்லை, கடவு திறந்து கிடக்கிறது. மாடு வளர்த்த எவருக்கும் இதைப் பார்த்தால் பதறத்தான் செய்யும். அப்பா சரியாகத்தான் பார்த்திருக்கிறார், என்னைவிடவும் சரியாக.

அவருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். சாத்தாமல் விட்டது நான்தான் என்றும் சொல்லிவிடுங்கள்.