பதில்: 6 கோடி அளவீடுகள், ஒரு நாள் வினவலுக்கு 4 நிமிடம்

பாபநாசம், சேர்வலாறு, மணிமுத்தாறு அணைகளின் நீர்மட்ட அளவீடுகளை போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் ஏற்றி, நேரத்துக்கு இன்டெக்ஸ் (வரிசைகளைச் சீக்கிரம் தேட உதவும் அட்டவணை) போட்டும், ஒரு நாள் அளவீடுகளை எடுக்கும் வினவல் ஏன் 4 நிமிடம் ஓடுதுன்னு கேட்டிருக்கீங்க. கோளாறு இன்டெக்ஸில் இல்லை, நிபந்தனையில். நேரப் பத்தியை, தேதியை மட்டும் பிரித்துத் தரும் டேட் ஃபங்ஷனுக்குள் போட்டிருக்கீங்க. இன்டெக்ஸில் இருப்பது மூல நேரம். ஃபங்ஷன் தரும் மதிப்பு அதில் கிடையாது. அதனால் டேபிள் முழுக்க வாசிக்குது. 'நேரம் அன்று 00:00-க்குச் சமம் அல்லது மேல், மறுநாள் 00:00-க்குக் கீழ்' என்று மாத்துங்க. பிட்வீன் வேண்டாம், அது இரண்டு எல்லைகளையும் சேர்த்துக்கும், மறுநாள் நள்ளிரவு அளவீடும் உள்ளே வந்திரும்.

அடுத்து, அணை எண் முதலில், நேரம் இரண்டாவதாக ஒரே பி-ட்ரீ இன்டெக்ஸ் (மதிப்புகளை வரிசைப்படுத்தி வைக்கும் வழக்கமான வகை) போடுங்க. சம நிபந்தனை (அணை எண் இதற்குச் சமம் என்பது) முன்னால் வந்தாத்தான் தேடல் சுருங்கும். போட்டதும், டேபிளின் புள்ளிவிவரத்தைப் புதுப்பிக்கும் அனலைஸ் கட்டளையை ஓட்டிருங்க.

ஆய்வு வழிகாட்டி பிரின் என்ற இன்னொரு வகை இன்டெக்ஸையும் ஒப்பிடச் சொன்னாரா? நல்ல யோசனைதான். அது இயல்பாக டேபிளின் 128 பக்கத்துக்கு (டேபிள் சேமிக்கப்படும் துண்டுகள்), அதாவது 1 எம்பிக்கு, ஒரு சிறும-பெரும மதிப்பு மட்டும் வைக்கும். அளவு ரொம்பச் சிறிசு. ஆனா பழைய அளவீடுகளை அப்டேட் செய்தா புது வரிசை வேறு பக்கத்தில் போய் விழலாம், அங்கே சிறும-பெரும வீச்சு விரிந்து பலன் குறையும்.

ஆய்வேட்டில் வினவலின் முதல் ஓட்டத்தையும் அடுத்த ஓட்டங்களையும் கலந்து சராசரி எடுக்காதீங்க, முதல் ஓட்டத்தில் வாசித்த பக்கங்கள் அடுத்ததில் நினைவகத்திலேயே இருக்கலாம். வினவல் எப்படி ஓடுதுன்னு காட்டும் எக்ஸ்பிளைன் கட்டளையில் அனலைஸ், பஃபர்ஸ் என்ற இரண்டு விருப்பங்களையும் சேர்த்தா, ஷேர்டு பஃபரில் (போஸ்ட்கிரெஸ்ஸின் நினைவகப் பகுதி) கிடைத்தது எத்தனை பக்கம், வெளியிலிருந்து வாசித்தது எத்தனைன்னு தனித்தனியா காட்டும்.