வாசகர் கேள்விகள்: டோவரில் சரக்கு விமானங்கள்

அமெரிக்காவின் கிழக்குக் கரையில் வசிக்கும் வாசகர்களும், பிள்ளைகளைப் பார்க்க அங்கே போகவிருக்கும் பெற்றோர்களும் இம்முறை ஒரே இடத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். டெலவேர் மாநிலம் டோவர் நகரில் இருக்கும் ஏர் மொபிலிட்டி கமாண்ட் மியூசியம்தான் அது. ராணுவத்தின் சரக்கு விமானங்களையும், பறந்தபடியே எரிபொருள் நிரப்பும் விமானங்களையும் முதன்மையாக வைத்திருக்கும் அருங்காட்சியகம்.

கே: சென்னையிலிருந்து வந்திருக்கும் மாமனார், மாமியாரிடம் விசிட்டர் விசாதான் இருக்கிறது. விமானப்படைத் தளத்துக்குள் விடுவார்களா? முன்அனுமதி வேண்டுமா? (எடிசன், நியூ ஜெர்சி)

மியூசியத்துக்குள் விடுவார்கள், முன்அனுமதி வேண்டாம். மியூசியம் தளத்தை ஒட்டி இருந்தாலும் காவல் எல்லைக்கு வெளியே, ரூட் 9 சாலைப் பக்கம் தனி வாசலோடு இருக்கிறது. நுழைவுக் கட்டணமும் வண்டி நிறுத்தக் கட்டணமும் கிடையாது.

பலர் தடுமாறுவது வழியில்தான். போனில் ‘டோவர் ஏர் ஃபோர்ஸ் பேஸ்’ என்று போட்டால் அது தளத்தின் முதன்மை வாசலில் கொண்டுபோய் நிறுத்தும். அங்கே ஆயுதமேந்திய காவலர்கள் அடையாள அட்டை கேட்பார்கள், பிறகு வண்டியைத் திருப்பி அனுப்புவார்கள். மாமனாருக்கு அது தேவையில்லாத படபடப்பு. ‘1301 ஹெரிட்டேஜ் ரோடு’ என்று போடுங்கள். 1301 என்பது 1944இல் கட்டிய ஹேங்கரின், அதாவது விமானக் கொட்டகையின் எண். இரண்டாம் உலகப் போரில் ராக்கெட் சோதனை நடந்த கட்டடம் அது. பெரியவர்களின் பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும். டிரோன் கொண்டுபோக வேண்டாம், பக்கத்திலேயே இயங்கும் ஓடுதளம் இருக்கிறது.

எடிசனிலிருந்து டெலவேர் மெமோரியல் பாலம் தாண்டி ரூட் 1 பிடித்தால் சுமார் இரண்டரை மணி நேரம். பாலத்திலும் ரூட் 1இலும் சுங்கம் உண்டு. கோடையில் வெள்ளி மாலையும் சனி காலையும் கடற்கரைக்குப் போகும் வண்டிகள் இதே சாலையில்தான் தெற்கே போகும், ஞாயிறு மாலை திரும்பும். சனிக்கிழமை என்றால் காலை 7 மணிக்கு முன்பே கிளம்பிவிடுங்கள்.

கே: எனக்கு 68 வயது, மூட்டுவலி. மகள் கூப்பிடுகிறாள், போகலாமா? (கும்பகோணம்)

தாராளமாகப் போகலாம். ஹேங்கர் தரை சமதளம், வெளியே விமானங்கள் நிற்கும் இடமும் கான்கிரீட் தளம்தான். சிரமம் ஏணிகளில் இருக்கிறது. சி-5 விமானத்தின் காக்பிட் (விமானி அறை) மேல்தளத்தில் இருப்பதால் செங்குத்தான ஏணி ஏற வேண்டும். அதை விட்டுவிடுங்கள், பெரிய இழப்பில்லை. இந்த விமானங்களில் பார்க்க வேண்டியது சரக்கறை.

கே: 8, 11 வயதில் இரண்டு பையன்கள். போர் விமானம் என்றால் ஆர்வமாகப் பார்ப்பார்கள். சரக்கு விமானம் என்றால் அரை மணியில் சலித்துவிடாதா? எந்த வரிசையில் காட்டுவது? (பிலடெல்பியா)

விமானத்தை மூக்கிலிருந்து பார்க்க ஆரம்பித்தால் சலிக்கும். எல்லாம் சாம்பல் நிறக் குழாய்களாகத்தான் தெரியும். ஒவ்வொரு விமானத்தின் முன்னும் ஒரே ஒரு கேள்வியைக் கேட்கச் சொல்லுங்கள்: ‘ஒரு ஜீப்பை இதற்குள் எப்படி ஏற்றுவாய்?’

ஹேங்கருக்குள் சி-47இல் தொடங்குங்கள். நம் ஊரில் டக்கோட்டா என்று சொல்வார்களே, அதுதான். சின்ன வால்சக்கரத்தின்மேல் உட்கார்ந்திருப்பதால் உள்ளே தரை மேல்நோக்கிச் சாய்ந்திருக்கும். கதவு பக்கவாட்டில். பாரமான பெட்டியைத் தூக்கி உள்ளே வைத்து, திருப்பி, மேட்டில் தள்ள வேண்டும். அங்கேயே இருக்கும் சிஜி-4ஏ கிளைடரைப் பாருங்கள். இரும்புக் குழாய்ச் சட்டம், மேலே துணி. எஞ்சினே கிடையாது, ஆனால் விமானிகள் உட்காரும் மூக்கு முழுதும் கீல்போட்டு மேலே திறக்கும். ஜீப் நேராக ஏறும். தரையில் மோதும்போது ஜீப் கட்டறுத்து முன்னே பாய்ந்தால், அதோடு பிணைத்த கம்பிவடம் மூக்கைத் தானாகத் தூக்கிவிடும். இல்லையென்றால் விமானிகள் நசுங்கிவிடுவார்கள்.

வெளியே வந்ததும் சி-54. தரை சமமாகிவிட்டது, ஆனால் ஆள் உயரத்துக்கும் மேலே போய்விட்டது, கதவு இன்னும் பக்கவாட்டில்தான். 1948–49இல் பெர்லினைச் சோவியத் படை முற்றுகையிட்டபோது இந்த ரகம் தடவைக்கு ஏறத்தாழ 10 டன் சுமந்து, நகரத்துக்கு நிலக்கரியும் மாவும் கொண்டுபோனது. அந்த ஆகாயப் பாலத்தில் மொத்தம் சுமார் 23 லட்சம் டன் போனது, அதில் மூன்றில் இரண்டு பங்கு நிலக்கரி. சாக்கிலிருந்து கசிந்த கரித்தூள் மின்கம்பிகளையும் கட்டுப்பாட்டு வடங்களையும் அரித்தது. டோவரில் நிற்பது நிலக்கரி சுமக்கவென்றே மாற்றிய சி-54எம். மிட்டாய்க்கு ஆசைப்படும் வயதென்றால், கெயில் ஹால்வர்சன் என்ற விமானி கைக்குட்டையைப் பாராசூட்டாகக் கட்டி பெர்லின் பிள்ளைகளுக்கு மிட்டாய் போட்டதையும் சொல்லுங்கள்.

அடுத்து சி-124இன் மூக்கில் இரட்டைக் கதவும் சாய்தளமும். வண்டிகள் ஓட்டியே ஏறலாம், ஆனால் உள்ளே காற்றழுத்தம் இல்லாததால் உயரே பறக்க முடியாது. பிறகு சி-130. இங்கே விடை கிடைத்துவிடுகிறது: இறக்கை கூரைமேல், சக்கரங்கள் உடலின் பக்கப் புடைப்புகளில், தரை லாரியின் உயரத்தில், வாலுக்கடியில் சாய்தளம். இறக்கை மேலே போனதால் அதன் முதுகெலும்பு சரக்கறைக்குக் குறுக்கே வராது, புரொப்பல்லரும் தரையில் படாது. வால் மேலே தூக்கியிருப்பது லாரி பின்பக்கமாக வந்து அணைவதற்காக. பின்னால் வந்த சி-133, சி-141, சி-5 எல்லாம் இதே அமைப்பைப் பெரிதாக்கியவைதான்.

தரையையும் பார்க்கச் சொல்லுங்கள். உருளை வரிசைகள் தெரிந்தால் அது சரக்கை அடுக்கி உருட்டி ஏற்றும் 463எல் பேலட் என்ற தட்டுக்காக. 88 அங்குலத்துக்கு 108 அங்குலம், உள்ளே பால்சா மரம், மேலே அலுமினியத் தகடு, விளிம்பில் 22 வளையங்கள். மேலே ஒன்று, பக்கத்துக்கு ஒன்று என்று மூன்று வலைகள் போட்டு அந்த வளையங்களில் இழுத்துக் கட்டுவார்கள். ஒரு பேலட் சுமார் 4,500 கிலோ தாங்கும். சி-130இல் 6 பேலட், சி-5இல் 36. பெரியவன் இந்தக் கணக்கைப் பிடித்துக்கொள்வான்.

துணை ஜனாதிபதிகள் பயணம் செய்த விசி-9சி விமானமும் அங்கே நிற்கிறது. அதற்குப் பத்து நிமிடம் போதும் என்பது எங்கள் கட்சி. விமானம் ஓட்டுவதுபோல் விளையாடும் சிமுலேட்டரைக் கடைசிக்கு வையுங்கள். முதலில் காட்டிவிட்டால் பையன்கள் வேறெதையும் பார்க்க மாட்டார்கள்.

கே: சி-141 இரண்டு நிற்கின்றனவாமே, ஒரே ரகத்தில் எதற்கு இரண்டு? (பால்டிமோர்)

ஒன்று ஏ, மற்றது பி. நீளத்தைப் பாருங்கள், பி 7.1 மீட்டர் கூடுதல். ஏ ரகத்தில் எடை வரம்பை எட்டுமுன்பே இடம் நிரம்பிவிட்டது, எஞ்சின் வலு வீணாயிற்று. அதனால் உடலை வெட்டி, இறக்கைக்கு முன்னும் பின்னும் துண்டுகள் செருகினார்கள். 10 பேலட் 13 ஆயிற்று. இப்படி 270 விமானங்களை மாற்றியதில் 90 புதிய விமானம் வாங்கியதற்கு ஈடான இடம் கிடைத்தது. பி ரகத்தின் காக்பிட்டுக்கு மேலே ஒரு திமில் தெரியும். பறக்கும்போது எரிபொருள் வாங்கும் வாய் அது. ஏ ரகமாக நிற்பது முதன்முதலில் கட்டிய சி-141. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்க்கத் தவறாதீர்கள்.

கே: அங்குள்ள சி-5 விமானத்திலிருந்து ஏவுகணை விட்டார்கள் என்று மகன் சொல்கிறான். சரக்கு விமானத்திலிருந்தா? (மேரிலாந்து)

மகன் சொல்வது சரி. வால் எண் 69-0014. 1974 அக்டோபர் 24 அன்று பசிபிக் கடலுக்கு மேலே சுமார் 20,000 அடி உயரத்தில் பின்கதவைத் திறந்து, கண்டம் விட்டுக் கண்டம் பாயும் மினிட்மேன் ஏவுகணை ஒன்றைப் பாராசூட்டுகளால் வெளியே இழுத்தார்கள். அது தொங்கியபடி இறங்கி, சுமார் 8,000 அடியில் எஞ்சின் பற்றி, 10 விநாடி எரிந்தது. ‘எங்கள் நிலத்தடி ஏவுகணைக் கிடங்குகளைத் தாக்கினாலும் எங்களிடம் பறக்கும் ஏவுதளம் உண்டு’ என்று அமெரிக்கா சோவியத்துக்குக் காட்டும் வேலை. இந்த விமானம் 2013இல் டோவருக்குப் பறந்து வந்தது. அருங்காட்சியகம் ஒன்றுக்குப் போன முதல் சி-5 இதுவே.

இதன் மூக்கும் கிளைடரைப் போல மேலே திறக்கும், ஆனால் காக்பிட் மேல்தளத்தில் இருப்பதால் விமானிகள் இருந்த இடத்திலேயே இருப்பார்கள். சரக்குத் தரை 121 அடி நீளம். ரைட் சகோதரர்களின் முதல் பறப்பு 120 அடி. 28 சக்கரங்கள், ஏற்றும்போது உடலைத் தாழ்த்தி மண்டியிடும் வசதியும் உண்டு. சின்னப் பிள்ளைகள் உடன் வந்தால் சக்கரங்களை எண்ண விடுங்கள்.

கே: இந்திய விமானப்படைக்குத் தொடர்புள்ளது ஏதாவது உண்டா? (கோவை)

சி-119 பாருங்கள். இந்திய விமானப்படையில் ‘பாக்கெட்’ என்ற பெயரில் இமயமலைப் பகுதிகளுக்குச் சரக்குக் கொண்டுபோன ரகம். மலை உயரத்தில் இரண்டு பிஸ்டன் எஞ்சினின் வலு போதாமல், உடலின் முதுகில் ஆர்ஃபியஸ் ஜெட் எஞ்சின் ஒன்றை நம்மவர்கள் கூடுதலாக வைத்தார்கள். டோவரில் நிற்பதில் அது இருக்காது. ஆனால் அங்குள்ள சி-123கே விமானத்தின் இறக்கைக்கடியில் இரண்டு சின்ன ஜெட் தொங்கும். அமெரிக்கர்களுக்கும் அதே சிக்கல், அவர்கள் கண்ட வழியும் அதே.

கே: எப்போது போனால் விமானங்களுக்குள் ஏறலாம்? சாப்பாடு? (நியூவார்க், டெலவேர்)

ஏப்ரல் முதல் அக்டோபர் வரை மாதத்தின் மூன்றாவது சனிக்கிழமை ‘ஓப்பன் காக்பிட்’ நாள் நடத்துவது வழக்கம். திங்கட்கிழமை மூடியிருக்கும். கிளம்புமுன் மியூசியத்தின் இணையதளத்தில் அன்றைய அறிவிப்பைப் பார்த்துவிடுங்கள். மழையோ மின்னலோ வந்தால் வெளியே நிற்கும் விமானங்களை மூடிவிட நேரும். ஜூலை வெயிலில் அலுமினிய உடலுக்குள் வெளியேவிட அதிகமாக வேகும். வெளியே உள்ளவற்றைக் காலையில் முடித்து, மதியம் ஹேங்கருக்குள் வாருங்கள். தொப்பி, ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில், மூடிய ஷூ. செருப்போடு ஏணி ஏறினால் வழுக்கும்.

அங்கே உணவகம் இருக்கும் என்று நம்பிப் போக வேண்டாம். புளியோதரை கட்டிக்கொள்ளுங்கள். தயிர்சாதம் என்றால் ஐஸ் பெட்டியில் வைத்தால்தான் தப்பும், மூடிய காரில் மதியத்துக்குள் புளித்துவிடும்.