ஏற்றத்தில் உதறும் பழைய மினிவேன்: கோளாறு எங்கே இருக்கிறது?

வாசகரின் கேள்வி: எங்கள் ஏழு இருக்கை மினிவேனுக்கு 12 வயது ஆகிறது, 1,80,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. முன்சக்கர இயக்கம், ஆட்டோமேட்டிக் கியர். சில மாதங்களாக மணிக்கு 80 முதல் 100 கிலோமீட்டர் வேகத்தில் தரையும் இருக்கைகளும் உதறுகின்றன. ஸ்டீயரிங்கில் அவ்வளவாகத் தெரியவில்லை. குடும்பத்தோடு போகும்போது, அதிலும் ஏற்றத்தில், உதறல் அதிகம். இருமுறை வீல் பேலன்சிங் செய்ததில் சற்றுக் குறைந்தது, ஆனால் நிற்கவில்லை. எஞ்சின் மவுண்டிங்குகள் அனைத்தையும் மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா, அல்லது வண்டியையே கைவிட்டுவிடலாமா?

பதில்: மவுண்டிங்குகளை, அதாவது எஞ்சினை வண்டியோடு பிணைத்துத் தாங்கும் ரப்பர் தாங்கிகளை, இப்போது மாற்ற வேண்டாம். வண்டியைக் கைவிடுவதைப் பற்றியும் இன்னும் யோசிக்க வேண்டியதில்லை. உங்கள் கடிதத்திலேயே இரண்டு தடயங்கள் இருக்கின்றன. பேலன்சிங் செய்தபின் உதறல் குறைந்தது, ஆனால் நிற்கவில்லை என்பது ஒன்று. பாரம் ஏறும்போதும் ஏற்றத்திலும் அது கூடுகிறது என்பது மற்றொன்று. இவற்றைச் சேர்த்துப் பார்த்தால், உங்கள் வண்டியில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு அதிர்வுகள் இருக்கின்றன என்றே நான் எண்ணுகிறேன். வயதான வண்டிகளில் இது மிகச் சாதாரணம். ஒன்றைச் சரிசெய்ததும் மற்றது வெளிப்பட, செய்த வேலை வீண் என்று எண்ணி அடுத்த பாகத்தைக் கழற்றத் தொடங்கிவிடுகிறோம்.

அதிர்வு எதைப் பின்தொடர்கிறது என்பதை முதலில் கண்டுபிடிக்க வேண்டும். வண்டியின் வேகத்தைப் பின்தொடர்ந்தால் சக்கரம், டயர், ஹப் (சக்கரத்தை மாட்டும் மையப்பகுதி), ஆக்சில் (கியர்பாக்ஸிலிருந்து சக்கரத்துக்குச் செல்லும் தண்டு) ஆகியவற்றில் தேட வேண்டும். எஞ்சினின் சுழற்சியைப் பின்தொடர்ந்தால் எஞ்சின், மவுண்டிங், சைலன்சர் குழாய் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது வந்து, காலை எடுத்ததும் மறைந்தால், விசையைச் சக்கரத்துக்குக் கடத்தும் பாகங்களில்தான் கோளாறு. ஏறக்குறைய 2.1 மீட்டர் சுற்றளவுள்ள டயர் 90 கிலோமீட்டர் வேகத்தில் நொடிக்கு 12 முறை சுற்றுகிறது. அதே நேரத்தில் 2,000 ஆர்பிஎம்மில், அதாவது நிமிடத்துக்கு 2,000 சுற்றுகளில், ஓடும் எஞ்சின் நொடிக்கு 33 முறை சுற்றுகிறது. ஆகவே சக்கரத்திலிருந்து வருவது உடலைக் குலுக்கும் மெதுவான உதறலாகவும், எஞ்சினிலிருந்து வருவது பெரும்பாலும் காலடியில் ரீங்கரிக்கும் நுண்ணிய நடுக்கமாகவும் தோன்றும். சற்றுப் பழகினால் இந்த வேறுபாட்டை உட்கார்ந்த இடத்திலேயே உணரலாம்.

இதைச் சோதிக்க, நெரிசலற்ற நேரான சாலையும் பக்கத்தில் குறிப்பெடுக்க ஒருவரும் தேவை. ஓட்டுபவர் எழுத முயலக் கூடாது. உதறல் தெளிவாகத் தெரியும் வேகத்தை அடைந்ததும் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, கியரை நியூட்ரலுக்குத் தள்ளி, வண்டியைத் தானாக உருளவிடுங்கள். எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். சாவியைத் திருப்பி அணைத்தால் பிரேக்குக்கும் ஸ்டீயரிங்குக்கும் கிடைக்கும் துணைவிசை போய்விடும். நியூட்ரலிலும் அதே அளவு உதறினால் எஞ்சினையும் மவுண்டிங்கையும் சந்தேகப் பட்டியலிலிருந்து நீக்கிவிடலாம். அடுத்து, அதே வேகத்தை ஒரு கியர் குறைத்து ஓட்டிப் பாருங்கள். எஞ்சின் சுழற்சி கூடியும் உதறல் மாறாமல் அதே வேகத்தில் வந்தால், அது சக்கரத்தோடு சுற்றும் ஏதோ ஒன்றின் வேலை. கடைசியாக, வண்டியை நிறுத்திவைத்து, நியூட்ரலில் எஞ்சினை மட்டும் அதே ஆர்பிஎம்முக்கு உயர்த்துங்கள். அப்போது எதுவும் தெரியவில்லையென்றால் எஞ்சின் தன்னளவில் நலம்.

மவுண்டிங்கை நான் முதலில் ஒதுக்குவதற்குக் காரணம் உண்டு. மவுண்டிங் ரப்பர் கிழிந்தாலோ, அதனுள் இருக்கும் திரவம் கசிந்தாலோ, சிக்னலில் டிரைவ் கியரில் நிற்கும்போது வண்டி நடுங்கும். நியூட்ரலுக்கு மாற்றினால் அடங்கும். கியர் மாற்றும்போது தட்டும் ஓசையும் கேட்கும். நின்ற நிலையில் நடுக்கம் இருந்ததாக நீங்கள் குறிப்பிடவில்லை. இருந்தால் மவுண்டிங்கைச் சோதிக்கச் சொல்லுங்கள்; ஆனால் சோதித்துக் காட்டியபின் மாற்றட்டும்.

உங்கள் விவரிப்புக்கு மிகவும் பொருந்துவது முன் ஆக்சிலின் உள் ஜாயிண்ட். கியர்பாக்ஸ் பக்கம் இருக்கும் இந்த ஜாயிண்ட்டில், கிண்ணம் போன்ற உறைக்குள் மூன்று தடங்கள் இருக்கும். மூன்று உருளைகள் அவற்றில் உள்ளும் வெளியும் நகர்ந்தபடி விசையைக் கடத்தும். வருடக்கணக்கில் உருளைகள் பெரும்பாலும் ஒரே இடத்தில் நிற்பதால் அங்கே தடம் தேய்ந்து குழியாகிறது. பாரத்தோடு ஏற்றத்தில் மிதிக்கும்போது முழு விசையும் அந்தக் குழியின் விளிம்பில் அழுந்துகிறது. உருளை வழுக்கிச் செல்ல முடியாமல் ஆக்சிலைப் பக்கவாட்டில் தள்ளுகிறது. வண்டி இடமும் வலமுமாக உதறுவது இதனால்தான். காலை எடுத்தால் விசை குறைந்து உதறலும் அடங்கும். பின்னால் ஆட்களும் சாமான்களும் ஏறும்போது வண்டியின் முன்பகுதி சற்று உயர்ந்து ஆக்சிலின் கோணமும் மாறுகிறது. தனியாக ஓட்டும்போது தெரியாதது குடும்பத்தோடு போகும்போது தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்தக் கோளாறு ஏன் கண்ணில் படாமல் போகிறதென்றால், ஜாயிண்ட்டை வெளியே மூடும் ரப்பர் உறையான பூட் கிழியாமல் நன்றாகவே இருக்கும். வளைவில் டக் டக் என்று ஓசை எழுப்புவது சக்கரப் பக்கத்து வெளி ஜாயிண்ட். உள் ஜாயிண்ட் அப்படி ஓசை எழுப்பிக் காட்டிக்கொடுக்காது. ஆகவே பூட்டைக் கழற்றித்தான் பார்க்க வேண்டும். நல்ல கிரீஸ் விரலில் வழவழப்பாக ஒட்டும். தேய்ந்த ஜாயிண்ட்டின் கிரீஸ் கறுத்து, நீர்த்து, வெளிச்சத்தில் சாய்த்தால் உலோகப் பொடி மினுங்கும். அதைத் துடைத்துவிட்டுத் தடத்தின் மீது விரல் நகத்தை மெல்ல இழுத்துப் பாருங்கள். ஓரிடத்தில் நகம் தடுக்கினால் வேறு ஆதாரம் தேவையில்லை. மலிவாகக் கிடைக்கும் புதுப்பிக்கப்பட்ட ஆக்சில்கள் சில நேரங்களில் தாமே அதிர்வைக் கொண்டுவருகின்றன. எனவே உங்கள் அசல் ஆக்சிலும் வெளி ஜாயிண்ட்டும் நல்ல நிலையில் இருந்தால், உள் ஜாயிண்ட்டையும் பூட்டையும் கிரீஸையும் மட்டும் புதிதாகப் போடுவதையே நான் விரும்புவேன். ஆக்சில் நட்டைப் புதிதாகப் போட்டு, கையேட்டில் உள்ள அளவுக்கு முறுக்க வேண்டும். ஆக்சிலை உருவியபோது சிந்திய கியர் ஆயிலையும் அளவு பார்த்து நிரப்ப வேண்டும்.

ஆக்சிலில் கைவைக்கும் முன் இதேபோல் நடிக்கும் இன்னொரு கோளாறை விலக்கிவிட வேண்டும். ஆட்டோமேட்டிக் கியரில் டார்க் கன்வெர்ட்டரின் (எஞ்சின் விசையைத் திரவத்தின் வழியே கியர்பாக்ஸுக்குக் கடத்தும் பாகம்) லாக்கப் கிளட்ச் (சீரான ஓட்டத்தில் இரண்டையும் நேரடியாகப் பிணைப்பது) சரியாகப் பிடிக்காமல் திணறினால், நெருக்கமான வரிப்பள்ளங்கள் மீது ஓட்டுவதுபோல ஓரிரு நொடி வண்டி கடகடக்கும். லேசாக மிதித்துச் சீராகப் போகும்போதுதான் இது அதிகம் வரும். அந்தக் கணத்தில் ஆக்சிலரேட்டரை விடாமல், பிரேக் விளக்கு எரியும் அளவுக்கு மட்டும் இடக்காலால் பிரேக் பெடலைத் தொட்டால், பெரும்பாலான வண்டிகளில் லாக்கப் விடுபட்டு நடுக்கம் உடனே நிற்கும். பின்னால் வண்டி எதுவும் இல்லாதபோது மட்டும் இதைச் செய்யுங்கள். நடுக்கம் நின்றால், கையேடு குறிப்பிடும் அதே வகை ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயிலை மாற்றிப் பார்ப்பதே முதல் சிகிச்சை. ஏற்றத்தில் எஞ்சினுக்குள் எரிபொருள் விட்டுவிட்டு எரிந்தாலும் உதறும். ஆனால் அப்போது பெரும்பாலும் எஞ்சின் விளக்கு எரியும். அது சிமிட்டினால் உடனே வேகத்தைக் குறையுங்கள், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் கெட்டுவிடும்.

இனி, பேலன்சிங் செய்தும் மிச்சமிருக்கும் இரண்டாவது அதிர்வு. 16 அங்குல ரிம்மின் ஓரத்தில் 30 கிராம் எடை குறைந்தாலே, 90 கிலோமீட்டர் வேகத்தில் ஏறத்தாழ மூன்றரை கிலோ அளவு விசை நொடிக்கு 12 முறை சக்கரத்தை இழுக்கும். ஆகவே ரிம்மின் உட்புறத்தை முதலில் பாருங்கள்: அழுக்குக்கு நடுவே சிறு செவ்வகம் மட்டும் பளிச்சென்று, பசை மிச்சத்தோடு தெரிந்தால், ஒட்டியிருந்த எடை அங்கிருந்து விழுந்திருக்கிறது. ரிம்முக்குள் காய்ந்து கட்டியான சேறும் இதே வேலையைச் செய்யும். சாதாரண பேலன்சிங் எந்திரம் எடையை மட்டுமே அறியும். டயர் வட்டமாக இருக்கிறதா, எல்லாப் பக்கமும் ஒரே விறைப்போடு இருக்கிறதா என்பது அதற்குத் தெரியாது. மேலும், எந்திரத்தில் சக்கரம் கூம்பின்மேல் அமர்கிறது, வண்டியிலோ ஹப்பின்மேல் அமர்கிறது. நான்கு முறை பேலன்சிங் செய்தும் உதறிய வேன் ஒன்று என்னிடம் வந்தது. சக்கரத்தைக் கழற்றியபோது ஹப்பின் முகத்தில் நகக்கனத்துக்குத் துருச் செதில் படிந்திருந்தது. கம்பி பிரஷ்ஷால் அதைச் சுரண்டி, வீல் நட்டுகளைக் குறுக்குவாட்டு வரிசையில் முறுக்கியதோடு உதறல் முழுவதும் நின்றது.

உங்களுக்கு இருக்கையில் உதறல் அதிகம் என்பதால் பின்சக்கரங்களையும் விடாதீர்கள். முன்னதைப் பின்னும் பின்னதை முன்னுமாக மாற்றிப் போட்டபின் உதறல் ஸ்டீயரிங்குக்கு வந்துவிட்டால், குற்றவாளி பின்னாலிருந்த சக்கரங்களில் ஒன்று. டயரின் பக்கச்சுவரிலுள்ள நான்கு இலக்கத் தேதி எண்ணையும் பாருங்கள். 2317 என்றால் 2017ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். டயர் பட்டனின் பள்ளம் எவ்வளவு ஆழம் இருந்தாலும் 10 வயது கடந்த டயரில் குழந்தைகளை ஏற்றிச் செல்ல நான் சம்மதிக்கமாட்டேன். டயரில் எங்காவது புடைப்பு தெரிந்தாலோ, ஒரு வீல் நட் தளர்ந்திருந்தாலோ, சோதனை ஓட்டமே வேண்டாம். அதைச் சரிசெய்யும்வரை வண்டி அசையக் கூடாது.

பிரேக் மிதிக்கும்போது மட்டும் உதறினால் அது டிஸ்க்கின் தடிமன் ஏற்றத்தாழ்வு. வளைவில் ஒரு பக்கம் திரும்பும்போது மட்டும் ஊளையிட்டால் வீல் பேரிங். உங்கள் கடிதத்தில் இவற்றுக்கான அறிகுறி இல்லை.

வண்டியைக் கைவிடுவதா என்ற கேள்விக்கு இந்த உதறல் விடை சொல்லாது. ஜாயிண்ட்டும் டயரும் தேயும் பொருள்கள், மாற்றிக்கொள்ளலாம். லிஃப்டில் ஏற்றும்போது, எஞ்சினையும் சஸ்பென்ஷனையும் தாங்கும் சட்டமான முன் சப்ஃபிரேமையும் சஸ்பென்ஷன் கைகள் பாடியோடு சேரும் இடங்களையும் ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பார்க்கச் சொல்லுங்கள். அங்கே துரு உதிர்ந்து முனை உள்ளே இறங்கினால், ஆக்சிலுக்குச் செலவு செய்யும் முன் நிறுத்திவிடுங்கள். உறுதியாக இருந்தால், முதலில் ஆக்சிலைச் சரிசெய்து, அதே சாலையில், அதே ஆட்களோடு, அதே வேகத்தில் ஓட்டி, முதல் நாள் எழுதிய குறிப்போடு ஒப்பிடுங்கள். டயர் வேலையை அதன்பிறகு செய்யுங்கள். சக்கரங்களைக் கழற்றி மாட்டிய பின் 50 முதல் 100 கிலோமீட்டருக்குள் வீல் நட்டுகளை மறுபடி முறுக்கிச் சரிபார்க்கவும் வேண்டும்.